நார்வே நாட்டு ரொட்டிப் பொட்டலமும் நம் வீட்டுத் தூக்குச்சட்டியும்



சென்ற இதழில் இந்தப் பகுதியில், பிள்ளைகளைப் பசியாற வைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று எழுதியிருந்தோம். எழுதும்போது போகிற போக்கில் நார்வே நாட்டுப் பிள்ளைகளை உதாரணம் காட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பால்வெட்டும் ஒரு தாய் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா அவங்க வெள்ளைக்காரங்க. காசு இருக்கு, பாலு இருக்கு, ஆப்பிள் இருக்கு. நான் நாலரைக்கு எழுந்து அஞ்சரைக்குப் பெரட்டுக்கு ஓடணும். எம் புள்ளைக்கு ஒரு மங்கு தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும் குடுக்கவே நேரம் சரியாப் போயிடுது. பணக்காரன் பழக்கத்த எங்ககிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

கேள்வி நியாயமானது. ஆகவே இந்த மாதம் முழுவதும் நார்வேயைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நார்வேக்காரர் இன்று பணக்காரர்தான். வட கடலில் எண்ணெய் கிடைத்ததால் வந்த பணம் அது. பெரிய எண்ணெய்க் கிணறு கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு 1969. ஆனால் நாம் சொன்ன காலைப் பசியாறல் பழக்கம் அதற்கு 40 ஆண்டுகள் முந்தியது. அந்தக் காலத்து நார்வே எப்படி இருந்தது என்று பார்த்தால், நம் தாயாரின் கோபம் கொஞ்சம் தணியும் என்று நம்புகிறோம்.

ஏழைகளின் நாடு

ஐரோப்பாவின் வடக்கு ஓரத்தில், மலையும் கடலும் பின்னிக் கிடக்கும் நீண்ட நாடு நார்வே. மொத்த நிலத்தில் நூற்றில் 3 பங்குதான் பயிர் செய்ய ஏற்றது. மற்றதெல்லாம் பாறை, காடு, பனி. தகப்பன் நிலத்தை மூத்த மகன் எடுத்துக்கொண்டால் இளையவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் 1825-ல் தொடங்கி நூறு ஆண்டுகளுக்குள் சுமார் 8 லட்சம் பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் கதை நமக்குப் புதிதல்ல.

நோயும் அப்படித்தான். சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பைப் பற்றி நம் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். 1930-ல் திறக்கப்பட்ட இடம் அது. அந்த நோயை உண்டாக்கும் கிருமியை 1873-ல் கண்டுபிடித்தவர் ஒரு நார்வே டாக்டர்தான். அவர் பெயர் ஆர்மவர் ஹான்சன், ஊர் பெர்கன். அவர் ஏன் அந்த நோயைத் தேடிப் போனார்? ஏனென்றால் அவருடைய ஊரைச் சுற்றியே அது மண்டிக் கிடந்தது. 1856-ல் நாடு முழுவதும் தொழுநோயாளிகளைப் பெயர் பதிந்து கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் மேற்குக் கரையோரத்து ஏழை மீனவர்களும் குடியானவர்களும். ஈரமான சிறிய வீட்டில், நெருக்கியடித்துக்கொண்டு, அரை வயிற்றுக் கஞ்சியோடு வாழ்ந்தவர்கள்.

குடியும் இருந்தது. 1816-ல் குடியானவர் வீட்டிலேயே சாராயம் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. உருளைக்கிழங்கும் தானியமும் பிள்ளைகள் வயிற்றுக்குப் போவதற்குப் பதிலாகச் சாராயப் பானைக்குப் போயின. 1840களில் வீட்டுக் காய்ச்சலைச் சட்டம் போட்டு ஒடுக்கினார்கள். 1919-ல் காட்டமான சாராயத்தைத் தடை செய்யலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டு, தடையும் வந்தது. 1926-ல் மறுபடி வாக்குக் கேட்டபோது தடை வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் ஒயினும் சாராயமும் அரசாங்கக் கடையில் மட்டுமே கிடைக்கும். 1922-ல் ஏற்பட்ட கடை அது. ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்காது. மது விளம்பரம் 1975 முதல் கூடாது. இந்தச் சங்கதியைத் தனியாகவே ஒரு மாதம் எழுத வேண்டும். இப்போது வயிற்றைப் பார்ப்போம்.

இருட்டும் மீன் எண்ணெயும்

நார்வேயின் வட கோடியில் ட்ரோம்சோ என்று ஒரு பட்டணம் இருக்கிறது. அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே எழாது. மே கடைசியிலிருந்து ஜூலை வரை இதற்கு நேர்மாறு, நடுச்சாமத்திலும் வெயில் அடிக்கும். நமக்கு வருஷம் பூராவும் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்குப் பொழுது சாய்கிறது. அவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி என்ற சத்து உண்டாகாது. அது இல்லாவிட்டால் பிள்ளைகளின் எலும்பு மெத்தென்று ஆகிக் கால் வளைந்துவிடும். இந்தக் காரணத்தை விஞ்ஞானிகள் 1920களில்தான் தெளிவாகக் கண்டார்கள். ஆனால் மருந்து அதற்கு முன்பே நார்வே மீனவர் வீட்டில் பீப்பாயில் இருந்தது. காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. பழைய முறையில் ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு எண்ணெய் எடுப்பார்கள். கறுப்பாக, மூக்கைப் பிடிக்காமல் குடிக்க முடியாததாக இருக்கும். 1850களில் பீட்டர் மொல்லர் என்ற மருந்துக் கடைக்காரர், புதிய ஈரலை நீராவியில் சூடாக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கும் வழியைக் கண்டார். வாசனை குறைந்தது, போய்விடவில்லை! நார்வே அம்மாக்கள் இன்றைக்கும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தினம் ஒரு கரண்டி இதைக் கொடுப்பது வழக்கம். அந்த எட்டு மாதங்களின் பெயரிலும் 'ர்' என்ற எழுத்து வரும். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பெயர்களில் வராது. அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

"அப்போ நாங்களும் மீன் எண்ணெய் வாங்கணுமா?" என்று அவசரப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் வெளியே ஓடியாடி விளையாடினால் சூரியன் இலவசமாகக் கொடுத்துவிடும். முக்கியமாகக் கர்ப்பிணித் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த எண்ணெயைக் குடிக்கவே கூடாது. அதில் இருக்கும் வைட்டமின் ஏ மிகுந்துவிட்டால் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல்.

அந்த மீனையும் அவர்கள் கருவாடாக்குகிறார்கள். லோபோத்தன் தீவுகளில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பிடிக்கும் மீனை உப்பே போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்ந்த காற்றிலேயே காய வைப்பார்கள். நம் ஊரில் உப்பில்லாமல் காய வைத்தால் ஒரே நாளில் புழுத்துவிடும். உப்பில்லாக் கருவாடு, ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஏங்கும் பண்டம்தான்.

சூப்பிலிருந்து ரொட்டிக்கு

இனி நம் தாயார் கேட்ட விஷயத்துக்கு வருவோம். நார்வேயின் தலைநகரம் 1925 வரைக்கும் கிறிஸ்தியானியா, அதன் பிறகு ஒஸ்லோ. அங்கே தொழிலாளர் பிள்ளைகள் படித்த பள்ளிகளில், ஏழைகளுக்கென்று நகராட்சி சூடான சாப்பாடு போட்டு வந்தது. பெரிய அண்டாவில் கொதித்த சூப், கஞ்சி. வயிறு நிறையும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து வந்த டாக்டர் கார்ல் ஷியோட்ஸ் இதில் திருப்தியடையவில்லை. நெடுநேரம் கொதித்த சூப்பில் காய்கறியின் சத்து மிஞ்சுவதில்லை என்றார் அவர். சூடான சாப்பாடு சமைக்க அடுப்பு வேண்டும், ஆள் வேண்டும், பணமும் கூடுதல்.

அவர் யோசனை மிக எளிதானது. பாடம் தொடங்கும் முன்பே, சமைக்காத உணவைக் கொடுங்கள் என்றார். உமி நீக்காத மாவில் சுட்ட ரொட்டி, வெண்ணெய் அல்லது மார்ஜரின், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு கோப்பை பால், பச்சையாகக் கடித்துத் தின்ன ஒரு கேரட் அல்லது அரை ஆப்பிள், அரை ஆரஞ்சு. குளிர்காலத்தில் ஒரு கரண்டி மீன் எண்ணெய். அவ்வளவுதான். பழம் கிடைக்காத நாளில் நூல்கோலைப் போன்ற ஒரு கிழங்கைப் பச்சையாக நறுக்கிக் கொடுத்தார்கள். மண்ணில் விளையும் அந்தக் கிழங்குக்கு 'வடநாட்டு ஆரஞ்சு' என்று செல்லப் பெயர். வைட்டமின் சி சத்து அதில் அவ்வளவு இருக்கிறது. ஏழை நாட்டில் ஆரஞ்சு விலை கட்டுப்படியாகாதபோது, கிழங்குக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

1930களில் இந்தப் பசியாறல் ஒஸ்லோ பள்ளிகளில் வேரூன்றியது. உலகம் முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலம் அது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூட 'ஒஸ்லோ' என்ற பெயரை வைத்தே இதைப் பள்ளிகளில் செய்து பார்த்தார்கள். இதில் எமக்குப் பிடித்த அம்சம் வேறொன்று. சூப்பை வீட்டில் அம்மா காலையில் வைக்க முடியாது. ரொட்டியும் கேரட்டும் வைக்க முடியும். பள்ளியில் தின்னப் பழகிய பிள்ளை வீட்டிலும் அதையே கேட்டது. போருக்குப் பிறகு பள்ளிச் சாப்பாடு மெல்ல மெல்ல நின்றுபோனது. ஆனால் அதே சாப்பாடு பொட்டலமாகி, வீட்டிலிருந்தே வரத் தொடங்கியது.

மாட்பாக்கே

அந்தப் பொட்டலத்துக்கு நார்வே மொழியில் 'மாட்பாக்கே' என்று பெயர். மாட் என்றால் உணவு, பாக்கே என்றால் பொட்டலம். இன்று எண்ணெய்க் கம்பெனி மேலதிகாரியும் பள்ளிப் பிள்ளையும் கட்டடத் தொழிலாளியும் பகல் 11 அல்லது 11.30 மணிக்குப் பிரிப்பது இதைத்தான்.

கட்டும் விதம் எப்படி? காலையில் இரண்டு மூன்று ரொட்டித் துண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு பொருள். பாலாடைக்கட்டி, ஈரலை அரைத்துச் செய்த பசை, அல்லது தக்காளிச் சாற்றில் ஊறிய டின் மீன். ஆம், நம் கடையில் கிடைக்கும் சார்டின் டின்னின் அண்ணன் தம்பிதான் அது. ஒரு துண்டு மற்றொன்றில் ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு சிறு காகிதம், அதற்கென்றே வெட்டி விற்கிறார்கள். எல்லாவற்றையும் எண்ணெய் ஊறாத காகிதத்தில் மடித்து, பைக்குள் வைத்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம். அடுப்பு பற்ற வைப்பதில்லை.

அவர்களுக்கு உயிரான ஒரு பாலாடைக்கட்டி பழுப்பு நிறத்தில் இருக்கும். பால் திரிந்தபின் மிஞ்சும் நீரை, நிறம் மாறும்வரை சுண்டக் காய்ச்சிச் செய்வது. தின்றவர்கள் நம் திரட்டுப்பால் போல இனிக்கும் என்பார்கள். அதைத் தினமும் தின்பது நல்லதா என்று கேட்டால், எம் பதில் அரை மனதுதான். கொழுப்பும் பாலின் சர்க்கரையும் அதில் அதிகம்.

மத்தியானச் சாப்பாடு இப்படிச் சிறுத்துப் போவதால், சூடான பெரிய சாப்பாடு மாலை நாலு ஐந்து மணிக்கே வீட்டில் நடந்துவிடும். தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒரே மேசையில். ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சோறு தின்று உடனே படுக்கும் நம் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்க நேரம் வேண்டாமா? அதற்குச் சங்கம் வேண்டியிருந்தது. நார்வேயில் 8 மணி நேர வேலை 1919-ல் சட்டமானது. 1935-ல் தொழிற்சங்க சம்மேளனமும் முதலாளிமார் சங்கமும் ஓர் அடிப்படை ஒப்பந்தம் செய்துகொண்டன. இப்போதுள்ள சட்டப்படி, ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஓய்வு கொடுத்தாக வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் மொத்தம் அரை மணிக்குக் குறையக் கூடாது. நம் நாட்டிலும் 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் 30 நிமிஷ ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கிலோ கணக்கு, குலைக் கணக்கு என்று ஓடி, உட்கார்ந்து தின்னாமலே வேலையை முடிக்கப் பார்க்கிறோம். அந்த அரை மணி நமக்குச் சேர வேண்டியது, தோழர்களே.

சனிக்கிழமை மிட்டாய்

பிள்ளைகள் இந்தப் பகுதியைப் படித்தால் எம்மைத் திட்டக்கூடும். நார்வேயிலும் பக்கத்து நாடான சுவீடனிலும் மிட்டாய்க்கு வாரத்தில் ஒரே நாள்தான், சனிக்கிழமை. அன்று பிள்ளை கடைக்குப் போய், ஒரு பை நிறையத் தனக்குப் பிடித்ததை அள்ளிக்கொள்ளலாம். ஞாயிறு முதல் வெள்ளிவரை கேட்கக் கூடாது. கேட்டால், "சனிக்கிழமை வரட்டும்" என்ற ஒரே பதில்தான்.

இதன் பின்னால் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. 1940களில் சுவீடனில் ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, பல்லில் ஒட்டும் மிட்டாயை நிறையத் தின்னக் கொடுத்து, பல் எப்படிச் சொத்தையாகிறது என்று பார்த்தார்கள். வாயில்லாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துக் கற்ற பாடம். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, நாள் முழுவதும் எத்தனை தடவை தின்கிறோம் என்பதே பல்லை அதிகம் கெடுக்கிறது என்று தெரிந்தது. பல் டாக்டர்கள் சொல்லித்தான் சனிக்கிழமை வழக்கம் பரவியது. மிட்டாய்க்கு நார்வே அரசாங்கம் 1922-லிருந்து வரியும் போட்டு வந்தது. பக்கத்து நாட்டுக்குப் போய் மலிவாக வாங்கி வருகிறார்கள் என்ற புகார் முற்றி, 2021-ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. குளிரானாலும் மழையானாலும் பிள்ளைகளைத் தினமும் வெளியே விடுவார்கள். கைக்குழந்தையைக்கூடக் கம்பளியில் சுற்றி, தள்ளுவண்டியில் வாசலில் தூங்க வைப்பார்கள். வானிலை கெட்டது என்று ஒன்றில்லை, உடுப்புத்தான் சரியில்லை என்பது அங்கே எல்லார் வாயிலும் வரும் சொல். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காட்டுக்கு நடை. கையில் ஆரஞ்சு, சாக்லெட், பிளாஸ்க்கில் சூடான பானம். அடுத்தவர் காடாக இருந்தாலும், பயிர் நிலமும் வீட்டு வாசலும் தவிர, யாரும் நடந்து போகலாம் என்று 1957-ல் சட்டமே எழுதிவைத்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு நாள் கூடிக் குப்பை வாரி, வேலி சரிசெய்து, ஒன்றாகச் சாப்பிடும் வழக்கம் ஒன்றுண்டு. அதற்கு 'டூக்னாட்' என்று பெயர். நம் கோத்தோங் ரோயோங்தான், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு!

பணம் வந்தபின்

இவ்வளவு புகழ்ந்துவிட்டோம், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1940-லிருந்து 1945 வரை ஜெர்மன் படை நார்வேயைப் பிடித்து வைத்திருந்தது. இறைச்சி, வெண்ணெய், முட்டை, சீனி எல்லாம் பங்கீட்டுக்குப் போய்விட்டன. சனங்கள் மீன், உருளைக்கிழங்கு, முழுத் தானிய ரொட்டி, காய்கறி என்று சமாளித்தார்கள். வண்டி கிடைக்காமல் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். புகையிலையும் குறைந்தது. அந்த ஆண்டுகளில் இதயம், ரத்தக் குழாய் நோய்களால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறைந்தது. போர் முடிந்து வெண்ணெய் திரும்பியதும் அந்தச் சாவும் திரும்பி ஏறியது. ஸ்ட்ரோம், யென்சன் என்ற இருவர் 1951-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதைக் கணக்கோடு எழுதினார்கள்.

பிறகு செழிப்பு வந்தது, மாரடைப்பும் கூடவே வந்தது. 1975-ல் நார்வே அரசாங்கம் மக்கள் எதைச் சாப்பிட வேண்டும் என்பதற்கே ஒரு கொள்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. கொழுப்பைக் குறைத்து, தானியம், கிழங்கு, மீன் இவற்றைக் கூட்டுவதே அதன் சாரம். இன்று ரொட்டி உறைகளில் நாலு பங்காகப் பிரித்த ஒரு வட்டம் அச்சிட்டிருப்பார்கள். எத்தனை பங்கு கறுத்திருக்கிறதோ அத்தனைக்கு அது முழுத் தானியம். எழுத்துத் தெரியாத பாட்டியும் பார்த்து வாங்கலாம். அதே சமயம், ஐஸ்பெட்டியில் உறைந்த பீட்சாவை அவர்கள் தின்கிற தீனியைப் பார்த்தால் டாக்டர் ஷியோட்ஸ் கண்ணீர் விடுவார்.

நம் தூக்குச்சட்டி

இப்போது தாயாரே, உங்கள் வீட்டுக்கு வருவோம். 2019-ல் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அதைவிடக் கூடுதல். இது மத்திய வயதில் திடீரென்று வருவதில்லை. பிள்ளைப் பருவத்துத் தேத்தண்ணி மங்கிலேயே தொடங்குகிறது.

அந்த மங்கில் ஊற்றும் டின் பால் இருக்கிறதே, அதைப் பால் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இனிப்புக் கிரீமரில் எடைக்குக் கிட்டத்தட்டப் பாதி சீனி, மீதியில் எண்ணெயும் உண்டு. அதைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பொட்டலம் கட்டுவதில் நார்வேயை அப்படியே பார்த்துச் செய்யவும் கூடாது. அங்கே குளிர், வெளியே வைத்தாலே ஐஸ்பெட்டி. இங்கே காலை 5 மணிக்குக் கட்டிய தேங்காய்ப்பால் சோறும் ஈரக் கறியும் 11 மணிக்குள் கெட்டுப்போகலாம். மணம் மாறாமலே கெட்டு, வயிற்றைக் கலக்கிவிடும். ஆகவே ஈரமில்லாத பொருளாகப் பாருங்கள். முந்தின ராத்திரி பிசைந்து வைத்த ஆட்டா மாவில் காலையில் சுட்ட இரண்டு சப்பாத்தி, அல்லது தவிட்டு நிற ரொட்டி இரண்டு துண்டு. ஓட்டோடு அவித்த முட்டை. வறுத்த தெம்பே. அவித்த நிலக்கடலை. முழு வெள்ளரிக்காய், கொய்யா, வாழைப்பழம், இவற்றைத் தின்னும்போது நறுக்கினால் போதும். சார்டின் டின்னைக் காலையில் பிரித்துச் சூடாக்கி ரொட்டியில் வைத்தால் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தை மத்தியானத்துக்கு வைக்காதீர்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள், மை சாப்பாட்டில் ஒட்டும். காட்டில் தின்னும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு போத்தல் தண்ணீர் தனியாக எடுத்துப் போங்கள். மருந்து அடித்த கை, உரம் போட்ட கை என்றால் சொல்லவே வேண்டாம். செலவு என்று பார்த்தால், கேண்டீன் மீ கோரிங்கும் சீனித் தண்ணீரும் வாங்கும் காசில் ஒரு முட்டையும் ஒரு பழமும் நிச்சயம் அடங்கும்.

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இனிப்பு நீருக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், அதைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் வெட்டுக்குப் போவது ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். குப்பென்று வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார். பக்கத்து நிரையில் இருப்பவர் குடித்திருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அல்லது 999-ஐக் கூப்பிடுங்கள். அந்தச் சீனிப் பொட்டலம் அவருடைய தூக்குச்சட்டியிலேயே எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக, நேரமே இல்லை என்ற தாயாருக்கு ஒரு சேதி. ஒஸ்லோவில் 1930களில் நகராட்சி செய்ததைப் போல, நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளிலும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் உணவு கொடுக்கும் திட்டம் 1979 முதல் இருக்கிறது. ஆர்.எம்.டி. என்று சொல்வார்கள். தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடக்கம். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தோட்டக் கிளைச் செயலாளரிடம் போங்கள், அவர் உங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வருவார்.